தலைமாட்டுப் பை

முதல் நாள், மாலை

பட்டர்வொர்த் துறையில் பெர்ரி ஏறினேன். இருபது நிமிடத்துக்குள் ஜார்ஜ் டவுன் வந்துவிட்டது. நடுவில் ஒருமுறை காற்று திரும்பியபோது எங்கள் நாகப்பட்டினத்துத் துறைமுகத்தின் வாசனை அடித்தது. உப்பும் டீசலும் கருவாடும் கலந்த அதே வாசனை.

மகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். எனக்கு அறுபது நிறைந்ததற்கு அவள் எடுத்துக் கொடுத்தவை இந்த மூன்று இரவுகள். “மூணு நாளும் நீ ஒரு வேலையும் செய்யக் கூடாதும்மா” என்று சொல்லித்தான் ரயில் ஏற்றிவிட்டாள். விடுதியின் பெயர் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல். பினாங்கில் ‘ஈ அண்ட் ஓ’ என்றால் போதும், டாக்சிக்காரர் வேறு எதுவும் கேட்பதில்லை.

பெட்டியைக் கொண்டுவந்த பையன் விளக்கு எங்கே, குளிர்சாதனம் எங்கே என்று காட்டிவிட்டுப் போனான். கதவு சாத்தியதும் ஓர் அமைதி இறங்கியது. உயரமான கூரை. மரத்தரை. ஜன்னலுக்கு வெளியே கடல். கடலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே கொஞ்சம் புல்லும் ஒரு சுவரும்தான். இங்கே அலை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. தண்ணீர் வந்து சுவரைத் தொடுகிறது, விலகுகிறது. வங்கக் கடலைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஏரிக்கரை மாதிரி இருக்கிறது.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் எதையும் தொடவில்லை.

முதல் இரவு

படுக்கையில் ஆறு தலையணைகள். நான்கை எடுத்துச் சோபாவில் வைத்தேன். பாஸ்போர்ட்டும் பணமும் உள்ள கைப்பையை மிச்சமிருந்த தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அலமாரிக்குள் எண் போட்டுப் பூட்டும் பெட்டகம் இருக்கிறது. பையன் காட்டித்தான் போனான். ஆனாலும் கை தலைமாட்டுக்குத்தான் போகிறது.

இது தாத்தாவின் பழக்கம். இருபது வயதில் நாகப்பட்டினத்தில் மலாயாவுக்கு ஆள் அனுப்பும் டிப்போவில் பெயர் கொடுத்து, கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர் அவர். எங்கள் பக்கத்தில் மலாயாக் கப்பலுக்கெல்லாம் ஒரே பெயர், ரஜுலா. 1926இல் கட்டிய அந்தக் கப்பல், போர்க்காலம் நீங்கலாக, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் தளத்திலேயே பாய் விரித்துப் படுத்துவந்தார்கள். பாயின் அகலம்தான் ஒருவருக்கு இடம். தகரப் பெட்டி தலைக்கு. ஐந்தாறு நாள் கழித்துக் கரை தெரிந்தால், இறங்குவது பினாங்கில் இல்லை; பக்கத்து ஜெரெஜாக் தீவில், நோய்த்தடுப்பு முகாமில். அங்கேயும் பெட்டி தலைமாட்டில்தான்.

ஊர் திரும்பி நாற்பது வருடம் ஆன பிறகும் தாத்தா மாறவில்லை. மகள் வீட்டுக்குப் போனால்கூட வேட்டி துண்டு வைத்த மஞ்சள் பையைத் தலைக்கு வைத்துத்தான் படுப்பார். தலையணை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். வாங்கிக் காலடியில் போட்டுக்கொள்வார். நல்ல தூக்கத்திலும் ஒரு கை பையின் மேல் இருக்கும். சின்ன வயதில் நான் அந்தக் கையை மெதுவாக எடுத்து மார்பில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கண் திறக்காமலே அது பைக்குத் திரும்பிவிடும்.

மூன்று மணி வரை விழித்திருந்தேன்.

இரண்டாம் நாள், விடியல்

வானம் வெளுத்தபோது வடக்கே கடலுக்கு அப்பால் ஒரு மலை நின்றது. நீலத்தின் மேல் இன்னொரு நீலம். காவலாளியிடம் கேட்டேன். குனோங் ஜெராய் என்றார்.

1,217 மீட்டர். பக்கத்தில் அதற்கு இணையான உயரம் இல்லாததால் கடலோடிகளுக்கு அதுதான் அடையாளம். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. செங்கல்லும் கருங்கல்லுமாக எத்தனையோ பழைய கோயில்களின் அடித்தளங்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. கெடாதான் கடாரம். பள்ளிக்கூடத்தில் ராஜேந்திர சோழனுக்குக் ‘கடாரம் கொண்டான்’ என்று பட்டம் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தக் கடாரத்துக்கு ஒரு மலை உண்டு, விடுதி ஜன்னலிலிருந்து பார்த்தால் அது தெரியும் என்று அப்போது யார் சொன்னார்கள்? நான் நிற்கும் இந்தத் தீவே 1786 வரை கெடா சுல்தானுடையதாகத்தான் இருந்தது. அந்த ஆண்டுதான் பிரான்சிஸ் லைட் இங்கே ஆங்கிலக் கொடி ஏற்றினார்.

எட்டு மணிக்கெல்லாம் மேகம் மலையை மூடிவிட்டது.

அதே காலை, பத்து மணி

சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பியபோது தாழ்வாரத்தில் தள்ளுவண்டியோடு ஒரு பெண் நின்றார். நாற்பது வயதிருக்கும். முகத்தைப் பார்த்தவுடனே தமிழில் கேட்டார்.

“பசியாறிட்டீங்களாம்மா?”

மலேசியத் தமிழர்கள் காலை உணவைப் ‘பசியாறுதல்’ என்கிறார்கள். டிபன் என்ற சொல்லுக்குப் பழகிய எனக்கு அந்தக் கேள்வி நேராக வயிற்றைத் தொட்டது. ஆச்சு என்றேன். அறையைச் சரிசெய்யட்டுமா என்றார். கிளம்பும் முன் படுக்கையை நானே சரிசெய்துவிட்டதாகச் சொன்னேன். விரிப்பை இழுத்து நான்கு பக்கமும் சொருகி, போர்வையை மடித்து, தலையணைகளை அடுக்கித்தான் கீழே போயிருந்தேன். அவர் உள்ளே வந்து பார்த்தார். முகம் சிரித்தது, குரல் கொஞ்சம் இறங்கியது.

“நல்லாத்தான் போட்டிருக்கீங்கம்மா. ஆனா நீங்க சொருகினத நான் உருவி எடுக்கணும். உருவறதுதான் இடுப்புக்கு வேல. நீங்க எந்திரிச்சு அப்படியே விட்டுட்டுப் போங்க, அது போதும்.”

பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று கேட்டேன். தாராளமா என்றார்.

புது விரிப்பைக் கையில் எடுத்து ஒரே உதறல். அது காற்றில் பாய்மரம்போல் விரிந்து, நடுவில் இருந்த மடிப்புக்கோடு மெத்தையின் நடுவிலேயே வந்து இறங்கியது. பிறகு மூலை. கால்மாட்டுப் பக்கம் தொங்கியதை மெத்தைக்கு அடியில் தள்ளினார். பக்கவாட்டில் தொங்கியதை ஒரு முழம் தள்ளிப் பிடித்துத் தூக்கி, முக்கோணமாக மெத்தை மேல் படுக்க வைத்தார். கீழே மிச்சமிருந்த வாலை உள்ளே சொருகினார். மேலே கிடந்த முக்கோணத்தை இறக்கி, அதையும் சொருகினார். ஓலைப் பெட்டி முடைகிறவர்கள் மூலை திருப்புவதுபோல அவ்வளவுதான், முடிந்தது. நான்கு மூலைக்கும் இரண்டு நிமிடம் ஆகவில்லை. கடைசியில் புறங்கையால் விரிப்பின் மேல் ஒருமுறை நீவினார். உள்ளங்கையால் நீவாமல் புறங்கையால் ஏன் என்று கேட்டேன்.

“உள்ளங்கை காய்ச்சுப் போச்சும்மா. சுருக்கம் இருந்தா புறங்கைக்குத்தான் தெரியும்.”

பட்டர்வொர்த் பக்கம் வீடு. விடியுமுன் மோட்டார் சைக்கிளோடு பெர்ரி ஏறி வருகிறார். பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவர். “எங்க பாட்டிக்குக் கட்டில்னா ஆஸ்பத்திரிதாம்மா” என்றார். அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. துண்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

மத்தியானம்

விடுதிக் கூடத்தின் மேலே ஒரு குவிமாடம் இருக்கிறது. சரியாக அதன் நடுவுக்குக் கீழே நின்று பேசினால் நம் குரல் நமக்கே திரும்பி வரும். யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய் நின்று தொண்டையைக் கனைத்தேன். யாரோ பெரியவர் மாடியிலிருந்து பதிலுக்குக் கனைத்தார்.

இந்த இடத்தை உண்டாக்கியவர்களும் வெளியூர்க்காரர்கள்தான். பாரசீகத்தின் இஸ்ஃபஹானிலிருந்து வந்த ஆர்மீனியச் சகோதரர்கள், சார்க்கீஸ் குடும்பத்தார். 1885 என்பது விடுதி தன் பிறந்த ஆண்டாகச் சொல்வது. இரண்டு வருடம் கழித்துச் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ், 1901இல் ரங்கூனில் ஸ்ட்ராண்ட். சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்குத்தான் வழிப்போக்கருக்கு என்ன வேண்டும் என்று தெரியும்போல. கடைசித் தம்பி ஆர்ஷாக் இந்தப் பினாங்கு விடுதியைப் பார்த்துக்கொண்டார். தாராளக்காரர். கையில் காசில்லாத விருந்தாளியைக் கணக்கு கேட்டு நெருக்காதவர் என்று பெயர் எடுத்தவர். 1920களில் பெரும் செலவில் விடுதியை விரித்துக் கட்டினார்கள். அந்தக் கடன் நிற்கும்போதே ரப்பர் விலை விழுந்தது. தோட்டத் துரைகளின் பாக்கி வராமல் போனது. 1931இல் ஆர்ஷாக் இறந்தார். அதே ஆண்டு நிறுவனம் நொடித்தது.

அந்த விலை விழுந்த காலத்தில்தான் ஆயிரமாயிரம் தோட்டத் தொழிலாளிகளைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். தாத்தா திரும்பியதும் அப்போதுதான். ஆர்ஷாக்கின் பெயரைத் தாத்தா கேள்விப்பட்டிருக்க வழியில்லை. இருவருக்கும் கணக்கை முடித்தது அந்த ஒரே ரப்பர் விலை. அவர் கட்டிய கூரையின் கீழ் நின்றபடி இவரை நினைத்துக்கொண்டேன். இருவர் மேலும் ஒரே அளவு பிரியம் வந்தது.

நாலு மணி

சூலியா வீதி வரை நடந்தேன். வெயில் தணியவில்லை. ஜாதிக்காய்ச் சாறு ஒரு டம்ளர், ஐந்து வெள்ளி. இங்கே ரிங்கிட் என்று தமிழர் யாரும் சொல்லக் கேட்கவில்லை, வெள்ளிதான்.

கிங் வீதி முனையில் நாகூர் தர்கா. எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் ஏறினால் பத்து நிமிடத்தில் நாகூர். கந்தூரிக்கு அம்மாவின் கைபிடித்துப் போயிருக்கிறேன். கடலில் போகிறவர்களைக் காப்பவர் நாகூர் ஆண்டவர் என்பது எங்கள் ஊரில் மதம் கடந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கையோடு கொண்டுவந்த சூலியா வணிகர்கள், அதாவது தமிழ் முஸ்லிம் வணிகர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே அவருக்கு ஒரு நினைவிடம் கட்டிவிட்டார்கள். சமாதி அங்கே, மனசு இங்கே. நல்லபடியாக வந்து இறங்கியதற்கு நன்றி சொல்ல ஓரிடம் வேண்டுமே.

பினாங்கு வீதியில் செட்டியார்களின் கிட்டங்கி. நீளக் கூடம். ஆளுக்கு ஒரு சாய்மேசை, ஒரு பெட்டகம், ஒரு பாய். பகலில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் படுக்கை. சமையல் பொதுவில். குடும்பத்தைச் செட்டிநாட்டில் விட்டுவிட்டு மூன்று வருடத் தவணைக்கு வந்த ஆட்கள். இவர்களும் பெட்டியோடுதான் படுத்தார்கள். ஆனால் இருபது பேர் ஒரே கூரையின் கீழ், ஒரே குலத்தார், ஒரே முருகன். தூக்கம் வந்திருக்கும்.

வெளியூரில் மனிதனுக்கு முதல் தேவை சோறு என்று இதுவரை நினைத்திருந்தேன். சோற்றை எங்கேயும் வாங்கிவிடலாம். பயமில்லாத தூக்கத்தைத்தான் எல்லோரும் தேடியிருக்கிறார்கள். தர்கா, கிட்டங்கி, சத்திரம், கோயில் மண்டபம் எல்லாம் அதற்குத்தான்.

இரண்டாம் இரவு

திரும்பி வந்தபோது அறையில் யாரோ வந்துபோயிருந்தார்கள். திரை மூடியிருந்தது. மேசை விளக்கு மட்டும் எரிந்தது. படுக்கையின் ஒரு பக்கத்தில் போர்வையின் முனை திருப்பிவிடப்பட்டிருந்தது, உள்ளே நுழைய வசதியாக. கட்டிலுக்குக் கீழே சின்ன வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் செருப்புகள். வைத்த விதத்தைப் பார்த்தேன். கட்டிலைப் பார்த்து வைக்காமல் வெளியே பார்த்து வைத்திருக்கிறார்கள். ராத்திரி எழுந்து காலைக் கீழே விட்டால் நேராக நுழையும். நான் படுப்பதை மட்டும் நினைத்து வைத்ததில்லை அது. பாதி ராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு எழுவதையும் நினைத்து வைத்தது. அம்மா படுக்கும் முன் என் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பை வைத்து, தட்டிவிடாமல் இருக்க அதைச் சுவரோரம் நகர்த்துவாளே, அந்த நினைப்பு.

காசு கொடுத்து வாங்கிய உபசாரம்தானே இது என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. எங்கள் தலைமுறைக்கு அந்தக் குரல் உண்டு. நன்றாக இருந்தால் தப்பு செய்வதுபோல இருக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தாலே பக்கத்திலிருப்பவரைப் பார்த்துக் கூசுவோம். அந்தக் குரலோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஆனைமங்கலம் நினைவுக்கு வந்தது. எங்கள் மாவட்டத்து ஊர். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கடாரத்து அரசன் மாற விஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மரின் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எடுத்தான். ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தின் வருவாயை அதற்கு விட்டுக்கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேடு இருக்கிறது. விகாரம் என்றால் தங்குமிடம்தான். கல்கியின் பொன்னியின் செல்வனில் அருள்மொழிவர்மர் விஷக் காய்ச்சலோடு வந்து கிடப்பது அங்கேதான், பிக்குகள் பார்த்துக்கொள்வார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவன், இந்தப் பக்கம் வந்து இறங்குகிறவர்கள் படுக்க இடம் கட்டினான். இந்தப் பக்கத்து அரசன் அவர்களுக்குச் சோறு வைத்தான். அந்தச் சோற்றை விளைவித்தவர்கள் ஆனைமங்கலத்து உழவர்கள். அவர்கள் பெயரைச் செப்பேடு சொல்லவில்லை. எந்த உபசாரத்துக்கும் பின்னால் ஒரு வயலும் சில கைகளும் இருக்கின்றன. காசு நடுவில் வந்ததால் அந்தக் கைகள் இல்லை என்று ஆகிவிடாது. காலையில் பார்த்த புறங்கையை நினைத்தேன். அது என் காசுக்காக வேலை செய்தது. சுருக்கம் தேடியது வேறு ஒன்றால்.

விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. முன்பின் தெரியாமல் வாசலில் வந்து நிற்கிற புதியவர்தான் விருந்து. நாம் அதைச் சம்பந்தி வீட்டாருக்குப் போடும் இலையாகச் சுருக்கிவிட்டோம். என்னைத் தெரியாத ஒருவர் எனக்காகச் செருப்பைத் திருப்பி வைத்தபோது அந்தச் சொல் பழைய இடத்துக்குத் திரும்பியது.

பையைப் பெட்டகத்துக்குள் வைத்தேன். கதவை மூடவில்லை. கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியும்படி விட்டுவிட்டுப் படுத்தேன்.

மூன்றாம் நாள்

நல்ல மழை. எங்கேயும் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கடலில் மழை பெய்வதைப் பார்த்தேன். குறித்துவைக்க வேறொன்றும் இல்லை. இப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்து எத்தனை வருடம் என்று எண்ணினேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒன்று உண்டு, அம்மை போட்டுக் கிடந்தபோது.

கிளம்பும் காலை

ஆறு மணிக்கு விழிப்பு வந்தது. கண் விழித்த பிறகுதான் பையின் நினைவே வந்தது. எழுந்து தேடினேன். முந்தின மாலை கழற்றி வைத்த நாற்காலியிலேயே, வாய் திறந்தபடி கிடந்தது. ராத்திரி முழுக்க அதை நான் நினைக்கவில்லை. எட்டு மணி நேரம் தூங்கியிருக்கிறேன். கை எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மார்பின் மேல் இருந்திருக்கும்.

தாத்தாவை இந்தக் கட்டிலில் ஒரு ராத்திரி படுக்க வைத்திருக்க வேண்டும். முதல் ராத்திரி தரையில்தான் படுப்பார். இரண்டாம் ராத்திரியும் தரைதான். மூன்றாவது ராத்திரி வரை அவரை இருக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

துண்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. அதே பெண். நான் கிளம்புவது தெரிந்து, வேலை தொடங்கும் முன் சொல்லிவிட்டுப் போக வந்தாராம். படுக்கையைப் பார்த்தார். எழுந்தது எழுந்தபடி கிடந்தது.

“இப்பத்தாம்மா நல்லா இருக்கு” என்றார். “துண்டும் சேத்து வச்சிட்டீங்களா? நாலு எடத்துல கெடந்தா நாலு தடவ குனியணும்.”

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்த ஊர் விடுதியில் தங்கினாலும் கிளம்பும் காலையில் விரிப்பைச் சொருகி வைக்காதீர்கள். ஈரத் துண்டுகளை ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். தரையில் போடாமல், குனியாமல் எடுக்கும் உயரத்தில் வையுங்கள்.